ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாதவள்

உட்கார்ந்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை, உட்காருவதுதான் வராது. வேலைக் காலம் முழுவதும் பிசியோதெரபிஸ்டாக நின்றுகொண்டே இருந்தவளுக்கு நாற்காலி என்பது நோயாளிக்கான பொருள். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு பத்தி எழுதுகிறேன், எழுந்து சமையலறை வரை போய் வருகிறேன், அடுத்த பத்தி எழுதுகிறேன். அங்கங்கே தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் கை வைத்தியம் சொல்லித்தரப் போவதில்லை. எந்தத் தசையை எப்படி இழுப்பது, எந்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். உங்களைப் பார்த்தால் எனக்கு வேறொரு பயம். கேள்வி அழகாகக் கேட்கிறீர்கள், பதிலைக் கணினியில் தட்டுகிறீர்கள், அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள். பதிலுக்கு வெளியே அந்த மனிதர் பேசுவது உங்கள் காதில் விழுவதே இல்லை.

அதிலும் பெண் பிள்ளைகள். பத்து வயதைத் தாண்டி, பதினெட்டைத் தொடாத பிள்ளைகள். இந்த வயதில்தான் எலும்பு தனக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. இப்போது கிடைக்காததை இருபத்தைந்து வயதில் மொத்தமாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வயதுக்கு வந்துவிட்டாள், ஓடாதே. வெயில் அடிக்கிறது, கறுத்துவிடுவாய், வெளியே போகாதே. உடம்பு போட்டுவிட்டாய், சோற்றைக் குறை. ஓட்டம், வெயில், சாப்பாடு. எலும்பு கேட்பதே இந்த மூன்றைத்தான், மூன்றையும் பிடுங்கிக்கொள்கிறோம். பிடுங்கிவிட்டு, பிள்ளை இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறாள் தெரியுமா என்று பெருமைப்படவும் செய்கிறோம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.

சரி, தர்ஷினி கதைக்கு வருகிறேன்.

அது நான் வேலை பார்த்த கடைசி வருடம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் கிளினிக். ஒரு சனிக்கிழமை காலை, கிள்ளான் பக்கம் பண்டமாரானிலிருந்து சாந்தி என்ற அம்மா தன் பதினைந்து வயது மகளை அழைத்து வந்தார். அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லோரிகளை அனுப்பும் வேலையில் இருப்பவர். ஃபெடரல் ஹைவே நெரிசலைத் தாண்டி வந்து இவர்களை இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடப் போனார். கடைசிவரை அவர் மேலே வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை காரில் வந்தவர்களுக்கு அது புரியும்.

தர்ஷினி பரதம் ஆடுகிறவள். மூன்று வாரத்தில் அரங்கேற்றம். வலது காலில் முழங்காலுக்குக் கீழே வலி. கிள்ளானில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டேன்.

அவள் முன்காலெலும்பின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஒரே இடம். மறுபடி கேட்டேன், மறுபடி அதே இடம்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை மேலும் கீழும் தேய்த்து "இங்கெல்லாம்" என்று காட்டும் வலி என்னை அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் வலி பயமுறுத்தும். எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருந்தால் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சாந்தியிடம் அதைச் சொல்லி, எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றேன்.

"அரங்கேற்றம் முடியட்டும் மேடம், அப்புறம் எடுத்துரலாம் லா. கார்டெல்லாம் குடுத்தாச்சு. பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் சென்னைலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அது வரைக்கும் டேப் போட்டு விட்டீங்கன்னா போதும்."

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சாப்பாடு? "நல்லா சாப்பிடுவா மேடம்." மாதவிடாய்? "அதெல்லாம் ஒழுங்கா இருக்கு." இரண்டுக்கும் அம்மாதான் பதில் சொன்னார். மகள் தன் கால் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் கேட்காததை எல்லாம் சாந்தி தானாகவே சொன்னார். "முன்னாடி கொஞ்சம் பூசினாப்ல இருந்தா மேடம். இப்பப் பாருங்க, காஸ்ட்யூம் அப்படியே உக்காருது. ஸ்கூல்ல நெட்பால் ஆடிட்டு வெயில்ல கறுத்துக் கெடந்தா. நிறுத்தச் சொன்னேன், கலரே வேற ஆயிருச்சு. இந்த வருஷம் ஒரு டான்ஸ் க்ளாஸ்கூட மிஸ் பண்ணல."

காலில் இறுக்கி ஒட்டும் அந்த டேப்பைப் போட மாட்டேன் என்றேன். வலியை மூடி ஆடவைத்தால் விரிசல் இருக்கும் பட்சத்தில் எலும்பு முறிந்தே போகலாம், ஸ்கேன் எடுக்கும்வரை காலைத் தட்டி ஆடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சாந்தி முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க மேடம்," என்றார். நம் ஊரில் அந்தச் 'சரிங்க மேடம்' எதைக் குறிக்கும் என்று உங்களுக்கும் தெரியும். இவளிடம் பேசிப் பயனில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

படியில் இறங்கப் போனவர் திரும்பினார். "ஒண்ணும் ஆகாது மேடம், பாருங்க. தைப்பூசத்துலேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாம எங்கூட கோயிலுக்கு வர்றா. ஒரு தடங்கல் வரல. அம்மன் அவ பக்கம் நிக்கிறா."

"நல்லதுங்க," என்று சிரித்து வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரிசலைப் பற்றிய கவலை ஒரு பக்கம். அதற்கு மேல் வேறு ஏதோ ஒன்று, மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது. அந்த அம்மா ஏதோ சொன்னார், நான் அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்று தெரிகிறது. என்ன என்று தெரியவில்லை. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன், கெட்டில் கருகியது. கிளினிக்கில் ஒரு தாத்தாவின் இடது தோளுக்குப் பதில் வலது தோளைப் பிடித்துக்கொண்டேன், அவர் பெருந்தன்மையாக, "அதுவும் வலிக்குது, பரவால்ல லா," என்றார். சாந்திக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்கேன் எப்போது என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் வரவேற்பில் லோகா என்றொரு பெண் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்கு ஓடிப்போய், வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் பொங்கல் வாங்கி வருவாள். மெதடிஸ்ட் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் லோகாவின் பொங்கல்தான். அன்றைக்கு அவள் மேசையை விட்டு நகராமல் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, கோயில் இல்லையா? என் பொங்கல் என்ன ஆறது?"

"இன்னிக்கி போக முடியாதுக்கா. காலைலதான் பீரியட் வந்துச்சு. அடுத்த வாரம் வாங்கித் தரேன்."

கையில் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பக்கத்து வீடுகளில் அக்காமார்கள் மாதத்தில் சில நாள் கோயிலுக்குப் போகாமல், சாமியறைக்குள் நுழையாமல் இருப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் சர்ச்சில் அந்த வழக்கம் இல்லை. அதனால்தான் சாந்தி சொன்ன வாக்கியம் என் காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. தைப்பூசத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை. ஒரு தடங்கல் வரவில்லை. அப்போது ஆகஸ்ட் மாதம்.

"லோகா, ஒரு பொண்ணு அரை வருஷத்துக்கு மேல ஒரு வெள்ளிகூட விடாம கோயிலுக்குப் போக முடியுமா?"

லோகா மெல்லுவதை நிறுத்தினாள். "டைம் கரெக்டா அமஞ்சா தப்பிக்கலாம்க்கா. மாத்திர போட்டுத் தள்ளி வெச்சாலும் முடியும். இல்லன்னா வயித்துல..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாரைப் பற்றி என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

லோகா சொன்னது சரிதான். நாள் ஒழுங்காக அமைந்தால் வெள்ளி தப்பிப் போகலாம், அது மட்டும் சாட்சி ஆகாது. ஆனால் பதினைந்து வயதில் அவ்வளவு ஒழுங்கு எத்தனை பேருக்கு அமைகிறது? அதோடு இளைத்த இடுப்பு, வெயில் படாத தோல், ஒற்றை விரல் வலி. வலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். என் கேள்விக்குப் பதிலாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார்.

உங்களுக்கு நான் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான். மக்கள் வெட்கப்படுவதை மறைப்பார்கள், நீங்கள் எவ்வளவு கேட்டாலும் மறைப்பார்கள். பெருமைப்படுவதை யாரும் மறைப்பதில்லை. இந்த வயதுப் பெண்களிடம் நோய் பல சமயம் அந்தப் பெருமைக்குள்தான் இருக்கும்.

தர்ஷினியின் நடன வகுப்பு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைவீட்டு மாடியில். வெள்ளிக்கிழமை பிற்பகல் ரிகர்சல் என்று சனிக்கிழமை பேச்சில் வந்திருந்தது. மூன்று மணிக்கு இருந்த நோயாளியை லோகா தலையில் கட்டிவிட்டு, இறங்கி நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். மோனோரயில் பாதைக்குக் கீழே பூமாலைக்காரர்களையும் முறுக்கு வாங்க நின்றவர்களையும் இடித்துக்கொண்டு போனது எனக்கே நினைவிருக்கிறது. ஒரு அண்ணன், "மெதுவா போங்க ஆன்டி!" என்று கத்தினார்.

படியேறும்போதே தாளம் போடும் தட்டுக்கழிச் சத்தம் கேட்டது. மேலே சிமெண்டுத் தரையில் ஓடு பதித்த கூடம். அம்மாக்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தர்ஷினி. முழங்கால் மடக்கிய அரைமண்டியிலிருந்து எழும்பி, குதித்து, இரண்டு காலையும் தரையில் அறைந்து இறங்கினாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் வலது கால் தரையைத் தொட்ட நொடியில் அவள் மூச்சு நின்று வந்தது. நன்றாக ஆடுகிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்து என்று கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன ஆகும்? எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்வார், மகளை அழைத்துக்கொண்டு போவார், பிறகு எனக்கு அவள் கிடைக்கவே மாட்டாள். காரணத்தைச் சொல்லலாமா? அங்கே, அத்தனை ஆன்டிமார்களுக்கு நடுவே? இந்தப் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுவிட்டது என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், லோகாவின் வாய் போன திசைக்குத்தான் எல்லோருடைய புத்தியும் போகும். கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் பெயர் நாறிவிடும். எலும்பைக் காப்பாற்றப் போய் அவளை உடைத்துவிடக் கூடாது.

அப்போது சாந்தியே என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "டேப் போட வந்தீங்களா மேடம்? அம்மனே அனுப்பி வெச்ச மாதிரி இருக்கு!"

"ஆமா, காலைக் கொஞ்சம் பாக்கணும். அஞ்சு நிமிஷம், அவ மட்டும் வரட்டும்," என்றேன். சின்னப் பொய்தான். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

மாடிப்படியின் திருப்பத்தில் அவளை உட்காரவைத்தேன். சலங்கை காலோடு உட்கார்ந்தாள். அவள் முகத்துக்கு நேராக நானும் ஒரு படி கீழே குந்தினேன்.

"தர்ஷினி, கடைசியா எப்பம்மா வந்துச்சு?"

எது என்று அவள் கேட்கவில்லை. "தைப்பூசத்துக்கு முன்னாடி ஆன்டி."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்க கேக்கல. வெள்ளிக்கெழமை காலைல 'கோயிலுக்கு வரலாமா?'ன்னு மட்டும் கேப்பாங்க. வரலாம்னு சொல்வேன்."

"பயமா இல்லியா?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் ஜாலியா இருந்துச்சு. க்ளாஸ் எதுவும் மிஸ் ஆகல."

கேட்டே ஆக வேண்டிய இன்னொரு கேள்வியையும் கேட்டேன். பையன் யாராவது? "சீ, ஆன்டி!" என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டைக் கேட்டேன். காலையில் ஒன்றுமில்லை. பள்ளியில் தண்ணீர். மாலை ஒரு ஆப்பிள். இரவு அம்மா பார்க்கும்போது இரண்டு வாய்.

"ஏம்மா?"

"அரைமண்டில ஒக்காந்தா வயிறு தெரியுதுன்னு ஒரு ஆன்டி சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

எந்த ஆன்டி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலே போய் ஏதாவது செய்திருப்பேன்.

சொல்ல வேண்டியதை எளிதாகச் சொன்னேன். "சாப்பாடு பத்தலன்னா ஒடம்பு எத நிறுத்தலாம்னு பாக்கும்மா. பொண்ணுங்களுக்கு மொதல்ல இத நிறுத்திரும். இது நின்னுச்சுன்னா எலும்பு வளர்றதும் கொறஞ்சிரும். அந்த எலும்ப வெச்சுக்கிட்டுத்தான் நீ தினம் இந்தத் தரைல தட்டிக்கிட்டு இருக்க. நல்லா சாப்பிட்டுத் தட்டுனா எலும்பு கெட்டியாவும். பட்டினில தட்டுனா விரிசல் விழும்."

அவள் சலங்கை மணி ஒன்றைத் திருகினாள். பிறகு, "அப்ப நான் ஆடவே முடியாதா?" என்றாள்.

"இப்ப முடியாது. பின்னால ஆடணும்னுதான் இப்ப நிறுத்தச் சொல்றேன். அம்மாகிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?"

"அம்மா ஒடஞ்சிருவாங்க ஆன்டி. அம்மன் குடுத்த வரம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க." அப்போதுதான் அழுதாள். காலுக்காக அழவில்லை, அரங்கேற்றத்துக்காகக்கூட இல்லை.

மேலே கதவு திறந்தது. சாந்தி எட்டிப் பார்த்தார். "டேப் போட்டாச்சா?"

நான் வாய் திறக்கவில்லை. இதைச் சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்குத்தான் உண்டு. சொல்ல முடியாவிட்டால் நான் சொல்லலாம் என்று காத்திருந்தேன். தர்ஷினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு வர்றதே இல்லம்மா. தைப்பூசத்துலேர்ந்து."

சாந்தி கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தார். முதலில் மகளைப் பார்த்தார், பிறகு என்னை. அவருக்கும் முதலில் தோன்றியது அந்தத் திசைதான் என்று முகத்தில் தெரிந்தது. "அதெல்லாம் இல்லம்மா!" என்று மகள் கத்தினாள். சாப்பிடவில்லை, அதனால் நின்றுவிட்டது என்று நான் விளக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது. புரியப் புரியக் கோபம் என் பக்கம் திரும்பியது. என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"அப்ப நான் சாமிகிட்ட நன்றி சொல்லிட்டு வந்ததெல்லாம் இதுக்குத்தானா? நீங்க சர்ச்சுக்குப் போறவங்க மேடம். ஒங்களுக்கு இதெல்லாம் வெளாட்டாத்தான் தெரியும்."

சுரீரென்று தைத்தது. அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பதிலுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "சாமிய நான் ஒண்ணும் சொல்லல சாந்தி. புள்ள சாப்பிடல. அதத்தான் சொல்றேன்."

நடன டீச்சர் தட்டுக்கழியோடு வெளியே வந்தார். உள்ளே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் காலைப் பற்றி மட்டும் சொன்னேன். எலும்பில் விரிசல் இருக்கலாம், ஸ்கேன் பார்க்கும்வரை ஆட்டம் கூடாது.

"எக்ஸ்ரே க்ளியர்னாங்களே மேடம்? சென்னைலேர்ந்து ஆளுங்க கெளம்பப் போறாங்க. வலி இல்லாம ஆட்டம் ஏது?"

"எங்க வலிக்குதுன்னு டீச்சருக்குக் காட்டும்மா," என்றேன்.

தர்ஷினி ஒற்றை விரலை வைத்தாள். டீச்சர் குனிந்து அதே இடத்தை லேசாக அழுத்தினார். பிள்ளை துள்ளிக் காலை இழுத்துக்கொண்டாள். டீச்சர் நிமிர்ந்து தட்டுக்கழியைச் சுவரில் சாய்த்தார். பிறகு, "கழட்டுங்க," என்றார்.

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. சாந்திதான் படியில் மண்டியிட்டு மகளின் சலங்கையை அவிழ்த்தார். இறுக்கிக் கட்டிய முடிச்சு, லேசில் அவிழவில்லை. நான் உதவக் கை நீட்டினேன். என் பக்கம் பார்க்காமலே கையை விலக்கிவிட்டார். கோயிலுக்கு வாங்கி வைத்திருந்த பூப் பையிலேயே சலங்கையைப் போட்டு எடுத்துக்கொண்டு, மகளைத் தோளில் சாய்த்தபடி இறங்கிப் போனார்.

ஸ்கேனில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது, எலும்பின் பாதி வரை. மேடையில் முறிந்திருந்தால் அறுவை செய்து ஆணி வைக்கும் அளவுக்குப் போயிருக்கும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். அரங்கேற்றம் ரத்தானது. பெண்கள் மருத்துவர், உணவு ஆலோசகர் என்று வரிசையாக அனுப்பினேன். அதே வயதுப் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டிய அடர்த்தி அவள் எலும்பில் இல்லை என்றும் தெரிந்தது. விரிசல் ஒட்டி ஆறிவிடும், அதைப் பற்றி எனக்குப் பயமில்லை. நின்றுபோனது திரும்பி வர வேண்டும், அது வந்தால்தான் எலும்பும் தேறும். அதற்கு நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதன்பிறகு சாந்தி கிளினிக் பக்கம் வரவில்லை. அப்பாதான் அழைத்து வருவார். எப்படியோ பார்க்கிங் பிடிக்கவும் கற்றுக்கொண்டார். வரும்போதெல்லாம் கையில் ஒரு பை. கறிபாப், அவித்த முட்டை, கச்சான் கடலை, வீட்டில் வறுத்த நெத்திலி. வெளியே உட்கார்ந்துகொண்டு, மகள் வந்ததும் பையை நீட்டுவார். ஆரம்பத்தில் அவள் முகம் திருப்புவாள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், தானும் சாப்பிடாமல் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவளே ஒன்றை எடுப்பாள். எந்த ஆலோசகரும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

கால் தேறியது. நடந்தாள், பிறகு மெதுவாக ஓடினாள், ஸ்கிப்பிங் கயிறு பிடித்தாள். பள்ளித் திடலில் நெட்பால் ஆடப் போய் மறுபடி கறுத்து வந்தாள். அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் வரும்போதெல்லாம் கதவை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். அவள் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுவாள். இல்லை. அடுத்த முறையும் இல்லை. அதற்கடுத்த முறையும். ஒவ்வொரு முறையும் சிரித்தபடி, "வரும்மா, அவசரமில்ல," என்பேன். அவள் போனதும் அறைக்குள் நடப்பேன்.

அந்தத் தலையாட்டலோடுதான் என் வேலை முடிந்தது. கேக் வெட்டினார்கள், லோகா அழுதாள், நான் வீட்டுக்கு வந்தேன். உங்களில் ஒருவர் தர்ஷினியைத் தொடர்ந்து பார்த்தீர்கள், நன்றாகப் பார்த்தீர்கள். ஆனாலும் அவள் விஷயத்தை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். அடுத்த தைப்பூசமும் வந்து போனது.

ஒரு நாள் மாலை போன் அடித்தது. பின்னால் நாதஸ்வரமும் மணிச் சத்தமும்.

"மேடம், சாந்தி பேசறேன். பண்டமாரான்."

"சொல்லுங்க சாந்தி. கோயில்லேர்ந்தா பேசறீங்க?"

"ஆமா மேடம். வெள்ளிக்கெழம இல்லியா." மணி இன்னொரு முறை அடித்தது. "நான் மட்டும்தான் வந்தேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"காலைல வழக்கம் போலக் கேட்டேன், வரலாமான்னு. 'இன்னிக்கி முடியாதும்மா'ன்னு சொன்னா." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்தச் சத்தத்தில் பிரிக்க முடியவில்லை. "அர்ச்சனைக்கு வரிசைல நிக்கிறேன் மேடம். அவ பேரச் சொல்லித்தான் வெக்கப் போறேன். அதுக்கு மொதல்ல ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

போனை வைத்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.